வினாத்தாளே பாடநூலானால்

பின்தொடர்தல் பயிற்சி பற்றி இந்த இதழுக்கு வரும் கட்டுரைகளில் ஒரு வரைபடம் தவறாமல் இருக்கிறது. கிடையச்சில் அமர்வு எண், செங்குத்தச்சில் பந்துகளின் வேகம். முதல் சில அமர்வுகளில் கோடு விறுவிறுவென ஏறும். பிறகு ஏற்றம் தணிந்து ஏறக்குறைய சமமாகிவிடும். படத்துக்குக் கீழே ‘கவனத்திறன் மேம்பட்டது’ என்று எழுதியிருப்பார்கள். கோட்டைப் பற்றி எனக்குச் சந்தேகமில்லை. எட்டுப் பந்துகளில் நான்கைப் பின்தொடரச் சொல்லித் திரும்பத் திரும்பப் பழக்கினால் அதில் யாருக்கும் கை வரும். அந்தத் தேர்ச்சிக்குக் கவனத்திறன் என்ற பெயர் எந்த இடத்தில் வந்து ஒட்டிக்கொண்டது என்பதுதான் புரிவதில்லை. பெரும்பாலான கட்டுரைகளில் அது முறையியல் பகுதிக்கும் முடிவுப் பகுதிக்கும் இடையில் எங்கோ சத்தமில்லாமல் நடந்து முடிந்திருக்கிறது.

இந்தப் பணி யாருக்கும் பயிற்சி கொடுப்பதற்காகப் பிறந்ததல்ல. 1988-இல் கனடாவின் மேற்கு ஒண்டாரியோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெனான் பிலிஷினும் ரான் ஸ்டார்மும் ஒரு கோட்பாட்டுக் கேள்விக்கு விடை தேடினார்கள்: நம் கவனம் ஒரு நேரத்தில் ஓரிடத்தில் மட்டும் விழும் ஒளிவட்டமா, அல்லது பல பொருள்களை ஒரே சமயத்தில் பற்றிக்கொள்ள முடியுமா? திரையில் ஒன்றுபோல இருக்கும் பத்துக் குறிகள். அவற்றில் அதிகபட்சம் ஐந்து சில கணம் மின்னி இலக்குகளாக அறிவிக்கப்படும். பிறகு எல்லாம் தாறுமாறாக நகரும். நகர்வின் நடுவே ஒரு மாற்றம் தோன்றும்போது, அது இலக்கில் நிகழ்ந்ததா மற்றதில் நிகழ்ந்ததா என்று சொல்ல வேண்டும். ஒளிவட்டம் ஒவ்வொன்றாகத் தாவிச் சென்று பார்த்திருந்தால் கிடைத்திருக்கக்கூடிய மதிப்பெண்ணைவிட மனிதர்கள் மிக நன்றாகச் செய்தார்கள். சில பொருள்களின் மீது பார்வை அமைப்பு ஒரே நேரத்தில் சுட்டிகளை ஒட்டிவைக்கிறது என்று பிலிஷின் வாதிட்டார். பிற்காலத்தில் மொன்றியல் பல்கலைக்கழகத்தில் ஜோஸ்லின் ஃபோபேர் இதை முப்பரிமாணக் காட்சியாக்கினார். அதுதான் இன்று பல அகாடமிகளிலும் மறுவாழ்வு மையங்களிலும் இருக்கும் நியூரோட்ராக்கர்: எட்டுப் பந்துகள், நான்கு இலக்குகள், சுமார் எட்டு வினாடி நகர்வு. நான்கும் சரியானால் அடுத்த முறை வேகம் கூடும், ஒன்று தவறினாலும் குறையும். இருபது முயற்சிகள் சேர்ந்தால் ஓர் அமர்வு. சில நிமிடங்களில் முடிந்துவிடும் என்பதே அதன் பெரிய கவர்ச்சி.

அமர்வின் முடிவில் கிடைக்கும் அந்த ஒற்றை எண் எவ்வளவு உறுதியானது? நான்கையும் வெறும் ஊகத்தால் சரியாகச் சொல்ல எழுபதில் ஒரு வாய்ப்புதான் உண்டு; ஆகவே ஊகத்தைப் பற்றிக் கவலை வேண்டாம் என்று சொல்லப்படுகிறது. ஆனால் எவரும் நான்கையும் ஒரே அடியாகத் தவறவிடுவதில்லை. மூன்றைப் பிடித்துக்கொண்டு ஒன்றைத் தொலைத்தவருக்கு மிச்சமிருப்பவை ஐந்து பந்துகள். அவற்றில் ஒன்றைக் குத்துமதிப்பாகத் தொட்டால் ஐந்துக்கு ஒருமுறை ‘சரி’ என்று பதிவாகிவிடும். சரியானால் ஒருபடி மேலே, தவறினால் ஒருபடி கீழே என்னும் இந்தப் படிக்கட்டு முறை பாதி முயற்சிகள் சரியாகும் வேகத்தைத் தேடி அலைவது. இருபது முயற்சிகளில் அது திசை மாறும் இடங்கள் அதிகமில்லை. அவற்றில் இரண்டு அதிர்ஷ்டத்தால் விழுந்தால் அன்றைய எண் கணிசமாக நகர்ந்துவிடும். நேற்றைவிட இன்று கொஞ்சம் குறைந்திருக்கிறது, ஆகவே வீரர் களைத்திருக்கிறார் என்று காலைக் கூட்டத்தில் அறிவிப்பவர்கள், ஓய்வாக இருக்கும் நாள்களில் அதே வீரரின் எண் எவ்வளவு ஊசலாடுகிறது என்பதை முதலில் கணக்கிட்டிருக்க வேண்டும்.

கருவியும் சூழலும் வேறு சேர்கின்றன. ஜார்ஜ் அல்வாரெஸும் ஸ்டீவன் ஃப்ராங்கனேரியும் 2007-இல் காட்டியது போல, பொருள்கள் மெல்ல நகர்ந்தால் எட்டைக்கூடப் பின்தொடரலாம். வேகமும் நெருக்கமும் கூடும்போது எண்ணிக்கை சரிந்துவிடும். அதற்கு இரண்டாண்டு முன் அல்வாரெஸும் பாட்ரிக் கவானாவும் வெளியிட்ட ஆய்வில், இலக்குகள் பார்வையின் இடப்பாதிக்கும் வலப்பாதிக்கும் பிரிந்திருந்தபோது, எல்லாம் ஒரே பக்கத்தில் இருந்ததைவிடக் கிட்டத்தட்ட இரட்டிப்பாகப் பின்தொடர முடிந்தது. நான்கு என்பது மூளையில் பொறித்துவைத்த கொள்ளளவு அல்ல என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. திரை அளவு, உட்காரும் தூரம், பந்துகளுக்கு இடையேயான இடைவெளி, ஆழம் உணரும் பார்வை ஆகிய எது மாறினாலும் எண்ணும் மாறலாம். டேப்லெட்டில் எடுத்த எண்ணையும் பெரிய முப்பரிமாணத் திரையில் எடுத்த எண்ணையும் ஒரே அட்டவணையில் போடுவதில் பொருளில்லை. இரு கண்களும் சேர்ந்து ஆழம் காண்பதில் குறை உள்ளவரை, ஆழப் பார்வைச் சோதனையைச் செய்யாமலே ‘குறைந்த கவனத்திறன்’ என்று வகைப்படுத்துவதை மன்னிப்பது கடினம்.

இவை அளவீட்டின் வழக்கமான சிக்கல்கள்தாம், திருத்திவிடலாம். இதைவிட ஆழமான சிக்கல், ஒரே பணியை மதிப்பீட்டுக்கும் பயிற்சிக்கும் வைத்துக்கொள்வது. வினாத்தாளைக் கொடுத்து அதையே மாதக்கணக்கில் படிக்கவைத்துவிட்டு, அதே தாளில் தேர்வெழுதச் சொன்னால் மாணவர் நிச்சயம் தேறுவார். பாடம் தெரியுமா என்பது மட்டும் தெரியாது.

இதற்கு நம் துறையில் கிடைத்திருக்கும் மிகப் பெரிய சான்று விளையாட்டிலிருந்து வந்ததல்ல, முதியோரிடமிருந்து வந்தது. அமெரிக்காவில் 65 வயதைத் தாண்டிய 2,832 பேரைக் கொண்டு நடந்த ஆக்டிவ் ஆய்வின் முதல் முடிவுகளை கார்லீன் பாலும் குழுவினரும் 2002-இல் வெளியிட்டார்கள். நினைவுப் பயிற்சி, தருக்கப் பயிற்சி, செயலாக்க வேகப் பயிற்சி என மூன்று பிரிவுகள்; எதுவும் பெறாத ஒரு குழு. பயிற்சி முடிந்த கையோடு, வேகப் பிரிவில் 87 விழுக்காட்டினரும் தருக்கப் பிரிவில் 74 விழுக்காட்டினரும் நினைவுப் பிரிவில் 26 விழுக்காட்டினரும் தத்தம் திறனில் நம்பத்தக்க முன்னேற்றம் காட்டினார்கள். வேகப் பயிற்சிதான் வென்றது என்று இதைப் படிப்பவர்கள் உண்டு. ஆனால் அந்தப் பிரிவை அளந்த சோதனையும் பயிற்சியும் கிட்டத்தட்ட உடன்பிறப்புகள். திரையின் நடுவிலும் ஓரத்திலும் கணநேரம் தோன்றுவதைக் கண்டுபிடிப்பதுதான் இரண்டிலும் வேலை. பயிற்சிக்கும் சோதனைக்கும் நெருக்கம் அதிகமான இடத்தில் முன்னேற்றமும் அதிகம் என்றும் இதே எண்களைப் படிக்கலாம். அன்றாட வாழ்க்கைச் செயல்களில் இரண்டாண்டு வரை எந்தப் பிரிவிலும் விளைவு தெரியவில்லை.

கதை அதோடு முடியவில்லை என்பதால்தான் ஆக்டிவ் ஆய்வை இன்னும் பேச வேண்டியிருக்கிறது. 2010-இல் பாலின் குழுவினர், பங்கேற்பாளர்களில் வாகனம் ஓட்டியவர்களின் விபத்துப் பதிவுகளை அரசு ஆவணங்களிலிருந்து எடுத்துப் பார்த்தார்கள். வேகப் பயிற்சி பெற்றவர்கள் தம் தவறால் விபத்துக்குள்ளாகும் வீதம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருந்தது. பயிற்சியாளரின் கணினிக்கு அந்த ஆவணத்தைத் தொட வழியில்லை. பழகிப் பழகி யாரும் அதில் மதிப்பெண் ஏற்றவும் முடியாது. இப்படிப்பட்ட சான்றுதான் நமக்கு வேண்டியது. கூடவே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: பார்வையோடு நேரடித் தொடர்பில்லாத தருக்கப் பயிற்சி பெற்றவர்களிடமும் அதே அளவு குறைவு தென்பட்டது. ஆகவே பயன் கிடைத்தது என்று ஒப்புக்கொண்டாலும், அது கண்ணின் வேகம் கூடியதால் கிடைத்தது என்று உடனே எழுதிவிட முடியாது.

விளையாட்டுக்கு வருவோம். 2013-இல் ஃபோபேர் வெளியிட்ட ஆய்வில் 102 தொழில்முறை வீரர்கள், 173 உயர்நிலை அமெச்சூர்கள், விளையாட்டு வீரர்கள் அல்லாத 33 பல்கலைக்கழக மாணவர்கள் இருந்தார்கள். தொழில்முறை வீரர்கள் இந்தப் பணியை மற்றவர்களைவிட வேகமாகக் கற்றுக்கொண்டார்கள். அருமையான கண்டுபிடிப்பு. ஆனால் அது சொல்வது, நல்ல வீரர்கள் இதை நன்றாகக் கற்கிறார்கள் என்பது. இதைக் கற்றால் நல்ல வீரர் ஆகலாம் என்பது வேறு கூற்று, அதற்கு வேறு ஆய்வு வேண்டும். ஃபோபேர் கருவியை விற்கும் நிறுவனத்தோடும் தொடர்புள்ளவர் என்பதை நினைவில் வைத்துப் படிக்க வேண்டும். அதனால் மட்டும் முடிவு பொய்யாகிவிடாது, சுயேச்சையான மறுபரிசோதனையின் தேவை கூடுகிறது.

அந்த வேறு ஆய்வு 2016-இல் வந்தது. தோமா ரோமேயாவும் ஃபோபேர் உள்ளிட்ட சகாக்களும் பல்கலைக்கழகக் கால்பந்து வீரர்கள் 23 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். பின்தொடர்தல் பயிற்சி பெற்ற ஒன்பது பேரின் பாஸ் முடிவுகள் 15 விழுக்காடு மேம்பட்டன. பந்தைக் கடத்திச் செல்வதிலோ கோலுக்கு அடிப்பதிலோ மாற்றமில்லை. சிறிய ஆய்வுதான். ஆனாலும் ஆடுகளத்தில், வேறொருவரின் கண் கொண்டு விளைவை அளந்தது பாராட்டத்தக்கது. ஐந்தாண்டு கழித்து கிறிஸ்டியன் ஃபாட்டர், ராப் கிரே, அலெக்ஸ் ஹோல்கோம்ப் மூவரும் இந்தக் கருவி பற்றிய 16 கட்டுரைகளைத் தொகுத்து ஆராய்ந்தபோது, விளையாட்டுக்கே உரிய பயனைக் காட்டியது ஒரே ஒரு ஆய்வு என்று கண்டார்கள். பயன் நிலைத்ததா என்ற பின்சோதனை அதிலும் இல்லை.

இந்த இடைவெளி ஏன் என்பதற்குக் கபடி ஆட்டத்தைப் பார்த்தாலே போதும். பாடிப் போகிறவருக்கு எதிரே ஏழு பேர், 30 வினாடி. காகிதத்தில் இது பல பொருள் பின்தொடர்தலுக்கு அச்சு அசலான உதாரணம். ஆனால் அந்த ஏழு பேரும் ஒரே மஞ்சள் நிறப் பந்துகள் அல்ல. இடது கார்னர் எந்தக் காலில் எடையை வைத்திருக்கிறார், கைகோத்து நிற்கும் இருவரில் யார் முதலில் பாய்வார், போனஸ் கோட்டுக்குப் போனால் யார் பின்னால் மூடுவார் என்பதையெல்லாம் படிக்கத் தெரிந்தவருக்கு ஏழு பேரையும் பின்தொடரத் தேவையே இல்லை. இரண்டு பேரைப் பார்த்தால் போதும். கிரிக்கெட்டிலும் மைக்கேல் லேண்டும் பீட்டர் மெக்லியோடும் 2000-இல் கண்டது இதுவே. மட்டையாளர்கள் பந்தை விடாமல் பின்தொடர்வதில்லை. அது எங்கே குத்தி எழும் என்று கணித்துக் கண்ணை முன்கூட்டியே அங்கே கொண்டுபோய் வைக்கிறார்கள். திறமையானவர் அதை இன்னும் சீக்கிரம் செய்தார். தேர்ச்சி என்பது பெரும்பாலும் பின்தொடர வேண்டிய சுமையைக் குறைத்துக்கொள்வதுதான். நம் பயிற்சிக் கருவியோ அந்தச் சுமையைக் குறைக்க எந்தத் துப்பும் தராத உலகத்தை வேண்டுமென்றே உருவாக்குகிறது. ஆய்வகத்தில் அது நற்குணம். களத்துக்கு அது எவ்வளவு பயன்படும் என்பது இன்னும் தீராத வழக்கு.

மதிப்பீடும் பயிற்சியும் கலப்பதால் உண்மையான ஆபத்து வரும் இடம் கன்கஷன். எடுத்துக்காட்டுக்கு ஒரு கணக்கு. பருவத் தொடக்கத்தில் ஒரே ஒருமுறை சோதித்தபோது ஒருவரின் எண் 1.1. தலையில் அடிபட்ட பிறகு மூன்று முறை சோதிக்கிறோம்: 0.9, 1.0, 1.1. பழைய அளவுக்கு வந்துவிட்டார், ஆடலாம் என்று தோன்றும். ஆனால் அடிபடாத சக வீரர் ஒருவர் அதே நான்கு முறை சோதிக்கப்பட்டிருந்தால், வெறும் பழக்கத்தாலேயே 1.4-க்குப் போயிருக்கலாம். அப்படியானால் இவரது 1.1 குணமடைந்ததற்கு அடையாளமல்ல, கற்கும் வேகம் அடிவாங்கியிருப்பதற்கு அடையாளமாகவும் இருக்கலாம். மறுபுறம், ஆண்டு முழுவதும் இதிலேயே பயிற்சி பெற்று 2.0-இல் நிற்கும் வீரரை மற்றவர்களின் சராசரியோடு ஒப்பிட்டால், அடிபட்டு 1.6-க்கு இறங்கியபிறகும் ‘சராசரிக்கு மேல்’ என்றே அறிக்கை வரும். இரண்டு பிழைக்கும் விலை ஒருவரின் மூளை. அடிபடாத சக வீரர்களை அதே எண்ணிக்கையில் சோதித்து ஒப்பிடாமல் இந்த எண்ணை மீட்புக்குச் சான்றாக யாரும் எழுதக் கூடாது. எழுதினாலும் அது அறிகுறிகள், சமநிலை, கண்ணசைவு, 2023-இல் வெளியான ஸ்காட்-6 மதிப்பீடு ஆகியவற்றுக்குப் பக்கத்தில் ஒரு துணைத் தகவலாக மட்டும் இருக்கட்டும்.

பெரிதாகச் சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு முன்னுதாரணம் இருக்கிறது. மூளைப் பயிற்சி விளையாட்டுகளை விற்ற லுமோசிட்டி, ஆதாரமில்லாத உறுதிமொழிகளால் நுகர்வோரைத் தவறாக வழிநடத்தியதாக அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் தொடுத்த வழக்கில் 2016 ஜனவரியில் 20 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. ஆலோசனை அறையில் அமர்ந்து நாம் பெற்றோரிடம் சொல்வதை எந்த ஆணையமும் கேட்டுக்கொண்டிருப்பதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இவ்வளவும் எழுதிவிட்டு, இந்தப் பணியைத் தூக்கி எறியச் சொல்லப் போவதில்லை. ஒருவரின் கவனத்தைச் சில நிமிடங்கள் சொல்லின் துணையின்றி, எழுத்தறிவின் துணையின்றிச் சுமையேற்றிப் பார்க்க இவ்வளவு நேர்த்தியான பணிகள் அதிகமில்லை. உடனுக்குடன் கடினம் கூடுவதும் குறைவதும் மறுவாழ்வில் இருப்பவரைச் சலிப்பின்றி உட்கார வைக்கிறது. அதற்கே ஒரு மதிப்பு உண்டு. ஆனால் ஒருவர் அறைக்குள் நுழையும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும்: இவரை இந்தப் பணியால் அளக்கப் போகிறோமா, பழக்கப் போகிறோமா? பழக்குவதென்றால் இந்த எண்ணை வருகைப் பதிவேடாக மட்டும் வைத்துக்கொண்டு, விளைவை வேறிடத்தில் தேட வேண்டும்.

வரும் இதழிலிருந்து, பின்தொடர்தல் பயிற்சி பற்றிய கட்டுரைகளிலும் நோயாளி அறிக்கைகளிலும் பயிற்சிப் பணியின் எண்ணை முதன்மை விளைவாக ஏற்க மாட்டோம். பயிற்சியில் இடம்பெறாத ஓர் அளவையாவது இருக்க வேண்டும். அதைக் குறிப்பவருக்கு யார் எந்தக் குழு என்று தெரிந்திருக்கக் கூடாது. வீடியோவில் பாஸ் முடிவுகளை எண்ணலாம், வகுப்பாசிரியரின் பதிவைப் பயன்படுத்தலாம், முதியவரின் தடுமாறி விழுந்த நிகழ்வுகளை எடுக்கலாம். துறைக்குத் தக்கபடி தேர்ந்துகொள்ளுங்கள். அதே நேரம் அதே ஆர்வத்தோடு வேறு வேலையில் ஈடுபட்ட ஒப்பீட்டுக் குழு வேண்டும், ஏனென்றால் சும்மா இருந்தவர்களோடு ஒப்பிட்டால் எதிர்பார்ப்பின் விளைவே பயிற்சியின் விளைவாகத் தெரியும். பயிற்சி நின்று குறைந்தது இரண்டு மாதம் கழித்து ஒரு பின்சோதனை. திரை அளவும் அமரும் தூரமும் முறையியலில். கருவி நிறுவனத்தோடு தொடர்பிருந்தால் முதல் பக்கத்தில். தனிநபர் அறிக்கையாக இருந்தால், பயிற்சி தொடங்கும் முன் அந்த நபரின் எண் எவ்வளவு ஊசலாடியது என்பதும் தேவை.

சராசரிக் கோட்டோடு சேர்த்து ஒவ்வொருவரின் கோட்டையும் அனுப்புங்கள். ஏறாமல் கிடக்கும் கோடுகள் சராசரிக்குள் மறைந்துவிடுகின்றன. யாருக்குப் பயனில்லை என்பதை அவைதான் சொல்லும். பயிற்சியின் பயன் வேறு பணிகளுக்குப் பரவவில்லை என்று காட்டும் ஆய்வுகளைச் சுருக்க வடிவில் வெளியிட ஒரு பகுதி தொடங்குகிறோம். முடிவு எதிர்மறை என்ற காரணத்துக்காக எதையும் திருப்பி அனுப்ப மாட்டோம்.