புனைபெயரும் காப்பாற்றாது

பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ நாவல் வழக்கில் 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பை வரவேற்கிறோம். 2015 ஜனவரி 12இல் நாமக்கல்லில் வருவாய்த் துறை அதிகாரி முன்னிலையில் அவரிடம் எழுதி வாங்கிய கையெழுத்து யாரையும் கட்டுப்படுத்தாது என்று அன்றைய தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கௌல், நீதிபதி புஷ்பா சத்தியநாராயணா அமர்வு சொல்லிவிட்டது. அமைதிப் பேச்சுவார்த்தை என்ற பெயரில் நடக்கும் கட்டைப் பஞ்சாயத்துக்கு இனி ஆட்சியர் அலுவலகத்தில் நாற்காலி கிடைப்பது கடினம். பெருமாள்முருகன் மறுபடி எழுதலாம். மகிழ்ச்சி.

இத்தகைய சச்சரவுகளில் கருத்துச் சொல்ல, இலக்கியமும் கலையும் அறிந்தவர்களைக் கொண்ட நிபுணர் குழுவை மாநில அரசு அமைக்க வேண்டும் என்கிறது தீர்ப்பு. நோக்கம் நல்லதுதான். அதில் யார் உட்காருவார்கள் என்பதை, விருதுக் குழுக்களைப் பார்த்துப் பழகிய நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

நெய்வேலியில் இருப்பவர்களுக்கு உறுத்தல் வேறு. இந்த டவுன்ஷிப்பில் எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் பொதுத்துறைச் சுரங்க நிறுவனத்தின் சம்பளக்காரர்கள். இங்கே ஒரு கதையை நிறுத்த ஊர்வலமோ கடையடைப்போ வேண்டாம். நடத்தை விதி போதும். 1964ஆம் ஆண்டின் மத்திய குடிமைப் பணி நடத்தை விதிகளில் எட்டாவது, நூல் வெளியிடுகிறவர் அதிலுள்ள கருத்து தன்னுடையதே, அரசினுடையது அல்ல என்று தெளிவுபடுத்த வேண்டும் என்கிறது. ஒன்பதாவதோ, அரசின் கொள்கையையோ செயலையோ குறைகூறுவதாக அமையும் எதையும் தடுக்கிறது. அது வெறும் தகவலாக இருந்தாலும், புனைபெயரில் வந்தாலும். பொதுத்துறை அதிகாரிகளுக்கான விதிகளும் ஏறக்குறைய இதே வார்ப்புதான். நிலமெடுப்பும் மீள்குடியேற்றமும் வருகிற சிறுகதை எந்த விதியில் அடங்கும்? மெமோ அடிக்கிறவர் தீர்மானிப்பார். அவர் கதை படிக்கிறவராக இருக்க வேண்டும் என்று விதி ஏதும் இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் நம் இதழுக்கு வந்த ஒரு கதையில், கன்வேயரில் சிக்கி ஒப்பந்தத் தொழிலாளி ஒருவருக்கு விரல்கள் போகும். மெய்ப்பு பார்க்கும்போது எழுதியவரே கன்வேயரை அடித்துவிட்டு ரைஸ்மில் பெல்ட் ஆக்கினார். ரைஸ்மில்லில் எந்தக் காலத்தில் கேண்டீன் கூப்பன் கொடுத்தார்கள் என்று கேட்டு வாசகர் கடிதம் வந்தது. கூப்பனை அடிக்க மறந்திருந்தார்.

சுரங்கத்துக்கு ஊரைப் பறிகொடுத்தவர்களின் வாழ்க்கை ‘வந்தாரங்குடி’ நாவலாக நமக்குக் கிடைத்தது. எழுதிய கண்மணி குணசேகரன் போக்குவரத்துக் கழகப் பணிமனைக்காரர். அன்றாடம் சுரங்கத்துக்குள் இறங்குகிறவர் ஏன் அதை எழுதவில்லை? திறமை போதவில்லை என்பார்கள் விமர்சகர்கள். அவர்களுக்கு இன்கிரிமென்ட் நின்ற அனுபவம் இல்லை. 1998 முதல் இங்கே புத்தகக் கண்காட்சி நடக்கிறது. மேடையில் வாசிப்பின் பெருமையைக் கேட்டுக் கைதட்டுகிறோம். வீடு திரும்பி, எழுதிவைத்த பக்கத்தில் ஊர்ப் பெயரை அடிக்கிறோம்.

நிபுணர் குழு அமையுமானால் அதன் முன் நம் மனு இதுதான்: கதை, கவிதை, நாடகம், ஓவியம் ஆகியவற்றை ஒன்பதாவது விதியிலிருந்து வெளிப்படையாக விலக்கும்படி பரிந்துரைக்க வேண்டும். மத்திய அரசு விதியில் மாநிலக் குழுவுக்கு என்ன வேலை என்பார்கள். சொல்லட்டும், கோப்பிலாவது ஏறும். கையெழுத்திட முடிந்தவர்கள் இம்மாத இறுதிக்குள் அனுப்புங்கள். முடியாதவர்கள் யார் யாரென்று எங்களுக்குத் தெரியும். அவர்கள் பொருட்டுத்தான் இந்த மனு.