விபத்து நாளில் தெரியாத காயத்துக்கு யார் பொறுப்பு?

2014 ஜூன் 28 அன்று, அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்துக்கு உட்பட்டிருந்த மவுலிவாக்கத்தில், கட்டப்பட்டுவந்த 11 மாடிக் கட்டடம் மழையின்போது இடிந்து விழுந்தது. 61 பேர் இறந்தனர். ஆந்திரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் தமிழகக் கிராமங்களிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள் அவர்கள். 27 பேர் உயிருடன் மீட்கப்பட்டனர். நீதிபதி இரகுபதி தலைமையில் விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. 2016 நவம்பர் 2 அன்று பக்கத்துக் கட்டடமும் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. இறந்தவர்களைப் பற்றி ஓரளவேனும் பேசினோம். 'மீட்கப்பட்டவர்கள்' என்ற சொல்லுக்குப் பின் அந்த 27 உடல்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை நாம் கேட்கவில்லை.

பெருவிபத்துக்கே இதுதான் நிலை என்றால், செய்தியாகவே ஆகாத சிறு விபத்துகளை யார் எண்ணுவது? முசரவாக்கத்திலிருந்து விடியற்காலையில் கட்டட வேலைக்குப் புறப்படும் ஒருவர் சாரத்திலிருந்து தவறி விழுகிறார் என்று வைத்துக்கொள்வோம். எலும்பு முறியவில்லை, இரத்தம் வரவில்லை. மேஸ்திரி ஒரு மாத்திரை வாங்கித் தருகிறார். மறுநாளும் அவர் வேலைக்குச் செல்கிறார். மூன்று வாரம் கழித்துத் தலைவலி, தடுமாற்றம், மறதி. மூளையின் உறைக்கு அடியில் மெல்லக் கசிந்த இரத்தம் இப்படித்தான் வாரக்கணக்கில் காத்திருந்து வெளிப்படும். முதுகுத்தண்டின் தட்டு விலகல் மாதங்கள் கழித்துக் காலை மரத்துப்போகச் செய்யும். கல்லையும் கான்கிரீட்டையும் அறுப்பவரின் நுரையீரலில் படியும் சிலிக்கா தூசி பெரும்பாலும் பத்தாண்டுகளுக்கு மேலான பிறகே மூச்சை இறுக்கும். சுமை தூக்கும் சித்தாளின் கருப்பை இறக்கத்தைப் பெண்களின் நோய் என்று சொல்லி ஒதுக்கிவிடுகிறோம். அதில் வேலைக்கும் பங்குண்டு என்று எவரும் எழுதிவைப்பதில்லை.

இத்தகைய காயங்களுக்குச் சட்டத்தில் இடமே இல்லை என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அது உண்மையன்று. 1923ஆம் ஆண்டின் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம் விபத்து நடந்த இரண்டு ஆண்டுகளுக்குள் கோரிக்கை வைக்க வேண்டும் என்கிறது. ஆனால் தக்க காரணம் இருந்தால் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளும் அதிகாரத்தை ஆணையருக்கு அதே பிரிவு அளிக்கிறது. விபத்து குறித்து முதலாளிக்கு வேறு வழியில் தெரிந்திருந்தால், அறிவிப்புக் கொடுக்காதது கோரிக்கைக்குத் தடையாகாது. சிலிக்கோசிஸ் போன்ற தொழில்சார் நோய்களில், நோயால் தொடர்ந்து வேலைக்குப் போக முடியாமற்போன முதல் நாளே விபத்து நாளாகக் கொள்ளப்படும். வேலையை விட்டு இரண்டு ஆண்டுகளுக்குள் அறிகுறி தோன்றினால், அது கண்டறியப்பட்ட நாளே விபத்து நாள். ஒப்பந்ததாரரின் ஆள் என்று சொல்லிக் கட்டட வேலையை எடுத்த நிறுவனம் தப்பிக்கவும் முடியாது. 12ஆம் பிரிவு முதன்மை முதலாளியையும் பொறுப்பாக்குகிறது.

2025 நவம்பர் 21 அன்று இச்சட்டத்தின் இடத்தை 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு எடுத்துக்கொண்டது. பணியாளர் இழப்பீடு இப்போது அதன் ஏழாம் அத்தியாயத்தில் உள்ளது.

கதவு இருந்தும் நம் மக்கள் ஏன் உள்ளே நுழைய முடிவதில்லை? முதல் காரணம், காகிதமின்மை. வேலை ஆணை இல்லை, வருகைப் பதிவு இல்லை, கூலிச் சீட்டு இல்லை. நிலமற்ற தலித் குடும்பங்களிலிருந்து வருபவர்கள் ஒப்பந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியில் நிற்கிறார்கள். கட்டட உரிமையாளருக்கு அவர்களின் பெயர்கூடத் தெரியாது. பிந்தி வெளிப்படும் காயத்தில், விழுந்த நாளுக்கும் வலி வந்த நாளுக்கும் இடையிலான தொடர்பைத் தொழிலாளியே நிறுவ வேண்டியிருக்கிறது. தொடர்பைக் காட்டும் காகிதம்தான் அவரிடம் இல்லை.

இரண்டாம் காரணம், விழுக்காட்டுக் கணக்கு. விரல் இழப்பு, கால் இழப்பு போன்றவற்றுக்குச் சட்டத்தின் அட்டவணையே விழுக்காடு தருகிறது. கண்ணுக்குத் தெரியாத காயத்துக்கோ மருத்துவர் மதிப்பிடும் 'வருவாய் ஈட்டும் திறன் இழப்பு' மட்டுமே அளவுகோல். 1923ஆம் ஆண்டுச் சட்டப்படி, 40 வயதுத் தொழிலாளிக்கு உச்சவரம்பான 15,000 ரூபாய் மாத ஊதியத்தில் முழு நிரந்தர இயலாமைக்கான இழப்பீடு 16,57,530 ரூபாய். இழப்பு பத்து விழுக்காடு என்று எழுதப்பட்டால் அது 1,65,753 ரூபாயாகச் சுருங்கும். இங்கே 1975ஆம் ஆண்டின் பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கை நாம் கையில் வைத்திருக்க வேண்டும். திரையரங்கு ஒன்றில் வேலை செய்தபோது விழுந்து இடக்கையை இழந்த தச்சர் இனித் தச்சு வேலை செய்ய முடியாது என்பதால், அவருடைய இழப்பு நூறு விழுக்காடே என்று உச்ச நீதிமன்றம் ஏற்றது. உடலில் எவ்வளவு போயிற்று என்பதோடு கேள்வி நிற்பதில்லை. அந்த உடலால் அந்த வேலையை இனிச் செய்ய முடியுமா என்பதே கேள்வி. மூட்டை தூக்குபவருக்கு முதுகுத்தண்டு அப்படிப்பட்டது.

மூன்றாம் காரணம், பேரம். சில ஆயிரம் ரூபாயைக் கொடுத்து, 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று முத்திரைத்தாளில் கைந்நாட்டு வாங்குவது வழக்கமாகிவிட்டது. உரிமையை விட்டுக்கொடுக்கும் அத்தகைய ஒப்பந்தம் செல்லாது என்று 17ஆம் பிரிவு தெளிவாகவே சொல்கிறது. பேரம் படியாதபோது, 'குடித்துவிட்டு விழுந்தான்' என்ற பழி வருகிறது. சேரியிலிருந்து வந்தவர் என்றால் அந்தப் பழி எளிதில் நம்பவும் படுகிறது. மரணத்திலும் முழு நிரந்தர இயலாமையிலும் இந்த வாதம் முதலாளிக்கு உதவாது. பகுதி இயலாமை வழக்குகளில்தான் அது எடுபடும். மறைந்த காயங்களில் பெரும்பாலானவை பகுதி இயலாமை என்றே எழுதப்படுகின்றன.

ஆகவே நம் பணி விபத்து நடந்த நாளிலேயே தொடங்க வேண்டும். காயம் சிறிதாகத் தோன்றினாலும் அரசு மருத்துவமனைக்குச் சென்று, 'வேலையிடத்தில் விழுந்தேன்' என்ற சொற்களோடு விபத்துப் பதிவேட்டில் பதியச் செய்து, ஏ.ஆர். நகலைப் பெற வேண்டும். உடன் வேலை செய்தவர்களின் பெயர்கள், வேலையிடத்தின் புகைப்படம், மேஸ்திரி கைப்பேசி வழியாக அனுப்பிய கூலியின் பதிவு ஆகிய அனைத்தும் சான்றுகளே. முதலாளிக்குப் பதிவுத் தபாலில் ஓர் அறிவிப்பு அனுப்புவது பின்னாளில் பெருந்துணையாகும். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞரை உரிமையாக்குகிறது. மாவட்ட ஆணைக்குழுவையோ வட்டக் குழுவையோ அணுகலாம். 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தின் உதவித்தொகை வேறு, இழப்பீடு வேறு. ஒன்றைப் பெற்றதால் மற்றொன்றைக் கைவிட வேண்டியதில்லை. முதலாளி உரிய காலத்தில் கொடுக்காத இழப்பீட்டுக்கு ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டியும், நியாயமற்ற தாமதத்துக்கு 50 விழுக்காடு வரை தண்டத்தொகையும் கோர முடியும்.

தனிமனித விழிப்பை மட்டும் நம்பி அரசை விட்டுவிடவும் கூடாது. ராஜஸ்தான் 2019இல் சிலிக்கோசிஸ் உள்ளிட்ட தூசி நோய்களுக்கெனத் தனிக் கொள்கை கொண்டுவந்தது. மருத்துவக் குழுவின் சான்று கிடைத்தால், எந்த முதலாளியிடம் நோய் வந்தது என்று தொழிலாளி நிறுவாமலேயே அரசின் உதவி கிடைக்கிறது. கல்குவாரிகளும் அடுக்குமாடிகளும் நிறைந்த காஞ்சிபுரம் மாவட்டத்தைக் கொண்ட தமிழகத்துக்கு அத்தகைய கொள்கை ஏன் வேண்டாம்? வாரியத்தில் பதிந்தவர்களுக்கு ஆண்டுதோறும் நுரையீரல், முதுகெலும்புப் பரிசோதனை செய்து அதன் பதிவைத் தொழிலாளியின் கையிலேயே கொடுக்க வேண்டும். வேலையிட விபத்து என்று தெரிந்ததும் மருத்துவமனையே தொழிலாளர் துறைக்கும் சட்டப் பணிகள் குழுவுக்கும் தகவல் தர வேண்டும்.

இக்கட்டுரையைப் படிக்கும் மாணவர்களிடம் ஒன்று கேட்கிறோம். உங்கள் ஊரில் கட்டட வேலைக்குப் போய், இப்போது 'உடம்பு சரியில்லை' என்று வீட்டில் இருப்பவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். எப்போது விழுந்தார்கள், எங்கே வேலை செய்தார்கள், யார் மேஸ்திரி என்று எழுதி வாங்குங்கள். அவர்களில் சிலருக்குக் கெடு இன்னும் முடியாமல் இருக்கலாம்.