மூன்றாவது பெயரில் தடுமாறுகிறோம்

ஆடி அமாவாசையன்று ராமேஸ்வரம் அக்னி தீர்த்தக் கரையில் புரோகிதர் முன்னால் உட்காருகிறோம். அப்பா பெயர் கேட்கிறார், சொல்கிறோம். தாத்தா பெயரையும் சொல்லிவிடுகிறோம். தாத்தாவின் அப்பா பெயர் என்றதும் ஊரிலிருக்கும் பெரியப்பாவுக்குப் போன் போடுகிறோம். அம்மா வழிப் பெண்களின் பெயர் என்றால் போனிலும் விடை கிடைப்பதில்லை. யாருக்காக அவ்வளவு தூரம் வந்தோமோ, அவர்கள் பெயரே தெரியாமல் எள்ளும் நீரும் இறைத்துவிட்டுத் திரும்புகிறோம்.

நேரமில்லை என்கிறோம். வேலை, பிள்ளைகளின் பரீட்சை, பெற்றோரின் மருத்துவச் செலவு எல்லாம் உண்மைதான். ஆனால் நாம் ஊருக்கே போகாதவர்கள் இல்லை. மாசி சிவராத்திரிக்குக் குலதெய்வக் கோயிலுக்குப் போகிறோம். காதுகுத்துக்கும் கருமாதிக்கும் போகிறோம். போன இடத்தில் திண்ணையில் இருக்கும் அத்தைப் பாட்டியைக் கும்பிட்டுத் திருநீறு பூசிக்கொண்டு, "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று கிளம்பிவிடுகிறோம். பர்மாவுக்குப் பிழைக்கப் போன அவருடைய அப்பா 1942-இல் போருக்குத் தப்பி நடந்தே ஊர் வந்து சேர்ந்தாரா, வழியிலேயே செத்துப்போனாரா? கேட்க அரைமணி நேரம் போதும். நாம் கேட்கவில்லை. அடுத்த தடவை போனது அந்தப் பாட்டியின் பதினாறாம் நாள் காரியத்துக்கு.

காகிதங்களையும் நாம்தான் தொலைத்தோம். வீடு மாற்றும்போது மொய் நோட்டைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டோம். எந்த ஊர், யார் மகன், எவ்வளவு செய்தார் என்று வரிவரியாக எழுதிய நோட்டு அது. ஒரு குடும்பம் யார் யாரோடு கொண்டும் கொடுத்தும் வாழ்ந்தது என்பதை அதைப்போலக் காட்டும் ஆவணம் வேறில்லை. பாகப்பிரிவினைப் பத்திரத்தை நிலம் விற்கும்போது மட்டும் வெளியே எடுத்தோம். வக்கீல் வில்லங்கம் பார்த்தார். கொள்ளுத்தாத்தாவின் கைநாட்டை நாம் பார்க்கவில்லை. பெண்களுக்கு நாம் செய்தது இன்னும் பெரிய அநியாயம். பட்டாவிலும் பத்திரத்திலும் ஆண்களின் பெயராவது கிடக்கிறது. பாட்டியின் அம்மா பெயர் யாராவது ஒருவர் நினைவில் இருந்தால்தான் உண்டு.

கடல் கடந்து போனவர்களின் கதை வேறு. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து போன ட்ரூரோ கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கரைசேர்ந்தது. 1911 வரை, டர்பன் இருக்கும் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் சுமார் 1,52,000 பேர். பெரும்பாலோர் சென்னையில் கப்பல் ஏறியவர்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, தகப்பன் பெயர், வயது, ஜில்லா, கிராமம், உடம்பிலுள்ள தழும்பு வரை பதிவேட்டில் எழுதினார்கள். ஆள் ஓடிப்போனால் பிடிக்க உதவும் பதிவு, அன்பால் எழுதியதல்ல. ஆனால் அந்த எண்ணை வைத்துக்கொண்டுதான் அவர்களின் பேரப்பிள்ளைகள், தமிழ் பேச வராதவர்கள்கூட, இங்கே ஊர் தேடி வருகிறார்கள். கடல் தாண்டிப் போகாத நாம், "அப்படி யாரும் இங்க இல்லையே" என்கிறோம். இருந்தார்களா என்பதே நமக்குத் தெரியாது. என்னை மிகவும் வருத்துவது இதுதான்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஒரு பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறுங்கள். வீட்டில் மூத்தவர் யாரோ அவரிடம் உட்கார்ந்து, அவருடைய அம்மாவின் பெயரையும் பிறந்த ஊரையும் கேட்டு, தேதி போட்டு எழுதி வையுங்கள். பரணில் மொய் நோட்டு மிச்சமிருந்தால் கீழே இறக்குங்கள்.