பெயர் அறியாமல் கொல்லப்படும் புழுக்கள்

கடல்நீர்ப் பவளத் தொட்டியில் இரவு விளக்கு பட்டதும் பாறையிடுக்குக்குள் மறையும் முட்புழுவைக் கண்டவர் பெரும்பாலும் முதலில் தேடுவது இடுக்கியை. அதன் பெயரைத் தேடுவோர் சிலரே. இவ்வரிசை தலைகீழாக வேண்டும்.

யூரிதோ காம்ப்ளனேட்டா எனக் குறிக்கப்படும் முட்புழு இந்தியக் கரைகளில் பரவலாகக் காணப்படுவது. அதன் வெண்முட்கள் விரலில் தைத்தால் எரியும். கெட்ட பெயருக்கு அதுவே காரணம். ஆயினும், தாடையற்ற அப்புழு எஞ்சிய தீனியையும் இறந்த உயிரிகளையும் தின்று தொட்டியைத் தூய்மை செய்கிறது. அது மிகுதியாகப் பெருகுவது நோயன்று, நோய்க்குறி: தீனி அளவுக்கு மேல் இடப்படுகிறது என்பதே அதன் பொருள். செத்த பவளத்தின்மேல் மொய்க்கும் புழுவைக் கொலையாளி என்பது, பிணத்தருகே அமர்ந்த காகத்தின்மீது கொலைப்பழி சுமத்துவதற்கு ஒப்பாகும்.

அச்சம் முற்றிலும் ஆதாரமற்றதும் அன்று. ஹெர்மோடைஸ் கருன்குலேட்டா உயிருள்ள பவளத்தைத் தின்னும். ஆனால் அது அட்லாண்டிக், மத்தியதரைக் கடல்களுக்கு உரியது; அங்கு எழுந்த எச்சரிக்கையை இங்குள்ள யூரிதோவின்மேல் ஏற்றுவது பிழை. 2009இல் இங்கிலாந்தின் நியூகுவே கடற்காட்சியகத்தில் பவளங்களைச் சிதைத்துவந்த, ஏறத்தாழ 4 அடி நீளப் புழு பிடிபட்டது. அது யூனிசிட் குடும்பத்தது. ஐந்து உணர்கொம்புகள், வலிய தாடைகள், வானவில் மினுக்கம் ஆகியன பெரிய யூனிசிட்களைக் காட்டிக்கொடுக்கும். அக்ரோபோரா பவளத்தைத் தின்னும் தட்டைப்புழுவோ, வளர்ப்போரை நெடுநாள் வருத்திய பின்னரே, 2011இல், அமாகுசாபிளானா அக்ரோபோரே என்னும் பெயர் பெற்றது. குழாயில் வாழ்ந்து நீரை வடிகட்டி உண்ணும் விசிறிப்புழுக்களால் தீங்கில்லை.

விலையுயர்ந்த பவளம் அழியும்போது பெயராய்வுக்கு நேரமேது என்று கேட்கலாம். ஐயத்துக்குரிய புழுவைத் தனிக்கலத்தில் இட்டு, செவ்விளக்கில் சில இரவுகள் நோக்கினால் போதும். மருந்து ஊற்றினாலோ தூய்மையாளரும் சேர்ந்து மடிவர். அழுகும் உடல்களால் நீரும் கெடும். பாறையையே மாற்றிவிடலாம் என்பதும் எளிதன்று. 2001 முதல் கடினப் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன.

வெள்ளறடை, பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லையூர்களின் விலங்கியல் மாணவருக்கு விழிஞ்ஞம் கடற்கரையும், அங்குள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவன மையமும் தொலைவில் இல்லை. அவர்கள் நாடவேண்டிய அடிப்படை நூல்களோ, சென்னை அரசு அருங்காட்சியகத் தொகுப்பைப் பற்றிப் பியேர் ஃபோவல் எழுதிய 1930ஆம் ஆண்டு நூலும், இந்திய விலங்கின வரிசையில் அவர் எழுதிய 1953ஆம் ஆண்டு நூலுமாகும். யூரிதோ காம்ப்ளனேட்டா என்பது ஓரினமன்று, தோற்றத்தால் பிரித்தறிய அரிய பல இனங்களின் தொகுதி என்பது 2010இல் வெளிப்பட்டது. பழைய நூல்களில் அது இராது.

தலை, தாடை, முள், செவுள் ஆகியவற்றைப் படத்துடன் விளக்கும் அடையாளத் திறவுகோல் ஒன்றைத் தமிழிலும் மலையாளத்திலும் உருவாக்குவது முதுகலை மாணவரின் ஆய்வுத்திட்டமாகத் தகும். நன்மையும் தீமையும் புழுவின் வகைப்பாட்டில் இல்லை. தொட்டியின் தேவையில் உள்ளன. தீர்ப்பு பின்னர் வரட்டும், அடையாளம் முந்தட்டும்.