போர்டுல 'இன்டர்நேஷனல்'னு எழுதிட்டா ஆச்சா?

மறுபடியும் அட்மிஷன் சீசன் வந்தாச்சு. பேப்பரைப் பிரிச்சா பள்ளிக்கூட விளம்பரம். ஓ.எம்.ஆர். பக்கம் வண்டி ஓட்டினா ஹோர்டிங் பூரா பள்ளிக்கூடம். ஒண்ணுல பையன் குதிரை மேல உக்காந்திருக்கான். இன்னொண்ணுல ஒரு பொண்ணு டெலஸ்கோப்புக்குள்ள கண்ணை வச்சிருக்கு. மூணாவதுல நீச்சல் குளம். ஒரு விளம்பரத்துலயாவது டீச்சர் மூஞ்சி இருக்கா? கவனிச்சுப் பாருங்க, இருக்காது.

நண்பர்கள்கிட்டேர்ந்து வாரத்துக்கு ரெண்டு போனாவது வருது. 'ஏம்ப்பா, புள்ளைய இன்டர்நேஷனல்ல போடலாம்னு இருக்கேன், ஹாஸ்டல் வேணாம், டே ஸ்கூலே போதும், நீ என்ன சொல்றே?' ஒவ்வொருத்தர்கிட்டயும் தனித்தனியா தொண்டை கிழியக் கத்தினது போதும்னு மொத்தமா இங்க எழுதி வைக்கிறேன். கொஞ்சம் காரமா இருக்கும். பொறுத்துக்குங்க.

என் கட்சி இதுதான்: இந்த ஊர்ல பிறந்து, இந்த ஊர்லயே வேலை பார்த்து, பிள்ளையையும் இங்கேயே காலேஜுக்கு அனுப்பப் போற குடும்பத்துக்கு இன்டர்நேஷனல் பள்ளி பெரும்பாலும் தேவையில்லாத சரக்கு. அதை வாங்கறவங்கள்ல பாதிப் பேர் பாடத்திட்டத்தை வாங்கலை. பக்கத்து பெஞ்சுல யார் உக்காரப் போறாங்கங்கறதைத்தான் காசு குடுத்து வாங்கறாங்க.

பூர்வீகம்

'இன்டர்நேஷனல்' பள்ளிக்கு ஒரு நல்ல பூர்வீகம் உண்டு. 1924-ல ஜெனீவாவில், சர்வதேசச் சங்கத்துலயும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்புலயும் வேலைக்கு வந்தவங்க பிள்ளைகளுக்காக ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினாங்க. அப்பா அம்மாவுக்கு நாலு வருஷத்துக்கு ஒருதரம் நாடு மாறும். பிள்ளை எந்த நாட்டுப் பாடத்தைப் படிக்கும்? ரொம்ப நியாயமான பிரச்சினை. அதே ஜெனீவாவில்தான் 1968-ல ஐ.பி. அமைப்பு உருவாச்சு. எந்த நாட்டுப் பல்கலைக்கழகமும் ஏத்துக்கற மாதிரி ஒரு பள்ளி இறுதித் தேர்வு வேணுங்கறதுதான் நோக்கம். நம்ம கொடைக்கானல்ல அமெரிக்க மிஷனரி வீட்டுப் பிள்ளைகளுக்காக 1901-ல தொடங்கின பள்ளிதான், 1976-ல, இந்தியாவிலேயே முதல்ல ஐ.பி.யைக் கொண்டு வந்தது. கேம்பிரிட்ஜோட ஐ.ஜி.சி.எஸ்.இ. தேர்வு 1988-ல வந்தது.

ஆக, இது நாடு மாறிக்கிட்டே இருக்கற குடும்பத்துக்கான மருந்து. ஸ்ரீபெரும்புதூர் ஃபேக்டரிக்கு மூணு வருஷக் கான்ட்ராக்ட்ல வர்ற கொரியாக்காரருக்கு அது வேணும். டல்லாஸ்ல எட்டாவது வரைக்கும் படிச்ச பிள்ளையைக் கூட்டிக்கிட்டுத் திரும்பி வந்த நம்மாளுக்கும் வேணும். பிள்ளையை வெளிநாட்டுல டிகிரி படிக்க வைக்கறதுன்னு முடிவே பண்ணி, அதுக்குப் பணமும் ஒதுக்கி வச்சிருக்கறவருக்கும் வேணும். மடிப்பாக்கத்துல சொந்த ஃப்ளாட், கும்பகோணத்துல தாத்தா பாட்டி, பையன் பி.டெக். படிக்கணும்னு ஆசை. உங்களுக்கு எதுக்குங்க?

சரக்கு மூணு வகை

ஒண்ணு, நிஜமான ஐ.பி. பள்ளி. ரெண்டு, கேம்பிரிட்ஜ் அங்கீகாரம் உள்ள பள்ளி. இது ரெண்டையும் அந்தந்த அமைப்போட இணையதளத்துல பேர் போட்டுத் தேடினா ரெண்டு நிமிஷத்துல தெரிஞ்சுடும். ஐ.பி.யில இன்னொரு நுணுக்கம் இருக்கு. அங்கீகாரத்துக்கு விண்ணப்பிச்சுக் காத்திருக்கற பள்ளிக்கு 'கேண்டிடேட்'னு பேர். அது அங்கீகாரம் இல்லை. அப்புறம், ஆரம்பப் பள்ளிக்கு ஒரு திட்டம், நடுநிலைக்கு ஒண்ணு, கடைசி ரெண்டு வருஷ டிப்ளமாவுக்கு ஒண்ணுன்னு தனித்தனியா அனுமதி வாங்கணும். ஒண்ணுக்கு வாங்கிட்டு எல்லாத்துக்கும் வாங்கின மாதிரி பேசற இடமும் உண்டு.

மூணாவது வகைதான் நம்ம ஊர்ல எக்கச்சக்கம். சிபிஎஸ்இ பள்ளி, பேர்ல மட்டும் இன்டர்நேஷனல். உள்ள அதே என்.சி.இ.ஆர்.டி. புஸ்தகம், அதே பத்தாங்கிளாஸ் பரீட்சை. கேந்திரிய வித்யாலயாவுல நடத்தற அதே பாடம்! சிபிஎஸ்இயே 2010-ல 'சிபிஎஸ்இ-ஐ'ன்னு ஒரு சர்வதேசப் பாடத்திட்டத்தைத் தொடங்கி, 2017-ல மூட்டை கட்டிடுச்சு. ஆனா போர்டுல எழுதின எழுத்து மட்டும் அழியவே இல்லை. நம்ம தெருமுனை சலூன்கூட 'இன்டர்நேஷனல் ஹேர் ஸ்டைல்'தான். அங்க போய் யாரும் லட்ச ரூபாய் குடுக்கறதில்லை. :-)

கணக்கு

பேசிப் பேசி ஏமாறறதைவிட ஒரு கணக்குப் போடுவோம். எல்.கே.ஜி.யிலேர்ந்து ப்ளஸ் டூ வரைக்கும் 14 வருஷம். முதல் வருஷ ஃபீஸ் 4 லட்சம்னு வைங்க. வருஷத்துக்கு 10 சதவீதம் ஏத்தறாங்கன்னு வைங்க. கடைசி வருஷம் ஃபீஸ் கிட்டத்தட்ட 13.8 லட்சம். மொத்தம் 1 கோடியே 12 லட்சம். ரெண்டு பிள்ளைன்னா 2 கோடியே 24 லட்சம். இதுல பஸ், யூனிஃபார்ம், டூர், ஐபேட் எதுவும் சேர்க்கலை. ஐ.பி. டிப்ளமாவுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் பரீட்சை ஃபீஸ் தனி.

'சமாளிச்சுடுவேன்'னு சொல்றவங்க எல்.கே.ஜி. ஃபீஸைப் பார்த்துட்டுச் சொல்றாங்க. எட்டாங்கிளாஸ்ல அவங்களுக்கு 45 வயசு இருக்கும். ஐ.டி. கம்பெனியில 45 வயசுல என்ன நடக்கும்னு நான் சொல்ல வேண்டியதில்லை. அன்னைக்குப் பிள்ளையை நடுவுல புடுங்கி வேற பாடத்திட்டத்துல நட்டா, அடி வாங்கறது யாரு? பிள்ளைதான்.

பிசிக்ஸ் எங்கே?

ஐ.பி. டிப்ளமா நல்ல படிப்பு, அதுல எனக்கு சந்தேகமே இல்லை. நாலாயிரம் வார்த்தைக்கு ஒரு ஆய்வுக் கட்டுரையை பதினேழு வயசுப் பிள்ளை சொந்தமா எழுதுது. நம்ம ப்ளஸ் டூ பிள்ளைங்களுக்கும் அது கிடைச்சா கும்பிடுவேன். பிரச்சினை வேற இடத்துல. டிப்ளமால ஆறு பாடம்: ரெண்டு மொழி, ஒரு சமூகப் பாடம், ஒரு அறிவியல், கணக்கு, அப்புறம் கலை. கலையை விட்டுட்டு இன்னொரு அறிவியல் எடுத்துக்கலாம். அதாவது வழக்கமான சட்டத்துக்குள்ள ரெண்டு சயின்ஸ்தான். பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி மூணும் வேணும்னா சிறப்பு அனுமதி வாங்கணும். நீட் எழுதி டாக்டராகணும்னா இந்த மூணுமே வேணும்!

எனக்குத் தெரிஞ்ச ஒரு வீட்டுல நடந்தது. பொண்ணுக்குச் சின்ன வயசுலேர்ந்தே டாக்டர் கனவு. பதினொண்ணாவதுல பயாலஜியும் கெமிஸ்ட்ரியும் எடுத்தா. 'பிசிக்ஸ் இல்லாட்டி பரவாயில்லையா?'ன்னு அவங்கம்மா கேட்டதுக்குப் பள்ளியோட கவுன்சிலர் 'நோ ப்ராப்ளம் மேம்'னு சொல்லியிருக்கார். அவர் வெளிநாட்டுக் காலேஜை மனசுல வச்சுச் சொல்லியிருக்கலாம். நீட் ஃபாரம் நிரப்பற அன்னைக்குத்தான் விஷயம் தெரிஞ்சுது. அந்த வருஷம் போச்சு. அந்தப் பொண்ணு ஒரு வாரம் யார்கிட்டயும் பேசலைன்னு அவங்கப்பா சொன்னப்ப எனக்கு என்ன பதில் சொல்றதுன்னு தெரியலை. அவ்வளவு ஃபீஸ் வாங்கின இடத்துல, இந்த ஒரு தகவலைச் சொல்ல ஆள் இல்லை பாருங்க.

இன்னொண்ணு. நம்ம ஸ்டேட் போர்டு ப்ளஸ் டூ ரிசல்ட் மே மாசமே வந்துடும். ஐ.பி. மே மாசத் தேர்வோட ரிசல்ட் ஜூலை முதல் வாரம். நம்ம ஊர்க் காலேஜ்ல பாதி சீட் நிரம்பினப்பறம் நீங்க மார்க் ஷீட்டைத் தூக்கிட்டு நிப்பீங்க. இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் இந்தப் படிப்பை ப்ளஸ் டூவுக்குச் சமம்னு ஒத்துக்குது, அது நிஜம். ஆனா 'சமம்'னு காகிதத்துல இருக்கறது வேற, கவுன்டர்ல நிக்கறது வேற.

பஸ்

டே ஸ்கூல்னா வீட்டுலேர்ந்து போய்ட்டு வீட்டுக்கு வர்றது. அதுதான் அதோட பெருமையே. ஆனா இந்தப் பள்ளிகளுக்குக் குதிரை ஓட இடம் வேணுமே, அதனால ஊருக்கு வெளிய பத்து ஏக்கர்ல இருக்கும். போக ஒண்ணரை மணி, வர ஒண்ணரை மணி. 200 நாளுக்கு 600 மணி நேரம். கல்வி உரிமைச் சட்டம் ஒண்ணுலேர்ந்து அஞ்சாவது வரைக்கும் வருஷத்துக்குக் குறைஞ்சது 800 மணி நேரம் பாடம் நடத்தணும்னு சொல்லுது. 800 மணி படிக்கறதுக்கு 600 மணி பஸ்ஸா? 'ஏ.சி. பஸ் சார்'ங்கறாங்க. குளுகுளுன்னு தூங்கிக்கிட்டே போகற குழந்தைப் பருவம்! சாயங்காலம் தெருவுல விளையாட நேரமும் இல்லை, தெருவுல தோஸ்தும் இல்லை.

எக்ஸ்போஷர்

இந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு பிரஷர் ஏறுது. ஒரே மாதிரி சம்பளம், ஒரே மாதிரி கார், ஒரே மாதிரி வில்லா உள்ள வீட்டுப் பிள்ளைங்க இருவது பேர் ஒண்ணா உக்கார்றதுக்குப் பேர் எக்ஸ்போஷராம். ஆட்டோ ஓட்டறவர் பையனும் பேங்க் மேனேஜர் பையனும் ஒரே பெஞ்சுல உக்காந்து, ஒருத்தன் டிபன் பாக்ஸ்ல இன்னொருத்தன் கை வச்ச பள்ளியில படிச்சவங்கதான் நம்மள்ல நிறைய பேர். உலகத்தை நமக்குக் காட்டினது அந்த பெஞ்சு. நாம வாங்கினதை நம்ம பிள்ளைக்குக் குடுக்காம, லட்சக்கணக்குல செலவழிச்சு அதைத் தடுக்கறோம்.

தமிழும் அப்படித்தான். ஃப்ரெஞ்ச் இருக்கு, ஸ்பானிஷ் இருக்கு, தமிழ் வாரத்துக்கு ரெண்டு பீரியட். தமிழ் கற்றல் சட்டம் வந்தது 2006-ல. இன்னமும் 'ஆப்ஷன் இருக்கு சார்'ங்கற ரேஞ்சுல பேசறவங்களைப் பார்த்திருக்கேன். நான் மொழிப் போராட்டத்துக்குக் கூப்பிடலை. பாட்டி எழுதின கடுதாசியைப் பேத்தியால படிக்க முடியலைன்னா அது யாரோட நஷ்டம்னு மட்டும் கேக்கறேன்.

கேக்க வேண்டிய கேள்விகள்

போன வருஷம் ஒரு நண்பரோட துணைக்கு ஒரு பள்ளியைப் பார்க்கப் போனேன். ஒரு அம்மணி ஒரு மணி நேரம் சுத்திக் காட்டினாங்க. நீச்சல் குளம், ரோபாட்டிக்ஸ் லேப், முந்நூறு பேர் உக்கார்ற ஆடிட்டோரியம். கடைசில நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: 'போன வருஷம் இங்க இருந்த டீச்சர்கள்ல இந்த வருஷம் எத்தனை பேர் இருக்காங்க?' அந்தம்மா முகம் மாறிடுச்சு. 'ஹெச்.ஆர். கிட்ட கேக்கணும் சார்'னாங்க. பதில் இன்னும் வரலை.

அதனால எந்தப் பள்ளியா இருந்தாலும், குளத்தைப் பார்க்கறதுக்கு முன்னாடி இதையெல்லாம் கேளுங்க:

1. டீச்சர்கள் சராசரியா எத்தனை வருஷம் நிக்கறாங்க? பி.எட். படிச்சவங்க எத்தனை பேர்?

2. எந்த போர்டு, எந்த வகுப்பு வரைக்கும் அங்கீகாரம்? காகிதத்தைக் காட்டச் சொல்லுங்க. சிபிஎஸ்இ பள்ளின்னா அங்கீகாரக் கடிதம், தீயணைப்புச் சான்று, ஃபீஸ் விவரம், மூணு வருஷ ரிசல்ட் எல்லாம் அவங்க இணையதளத்துலயே போட்டாகணும். போடலைன்னா ஏன்னு கேளுங்க.

3. அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி இதே வகுப்புக்கு என்ன ஃபீஸ்? இதைக் கேட்டா ஏத்தம் எவ்வளவுன்னு நாமளே கணக்குப் போட்டுக்கலாம்.

4. கடைசியா வெளிய போன பேட்ச்ல யார் யார் எங்க சேர்ந்தாங்க? முதல் மூணு பேர் கதை வேணாம், முழு வகுப்பு.

5. கல்வி உரிமைச் சட்டப்படி 25 சதவீத இடத்துல எத்தனை பிள்ளைங்க படிக்கிறாங்க? சிறுபான்மைப் பள்ளிக்கு விலக்கு உண்டு. மத்தவங்க இந்தக் கேள்விக்கு எப்படி முழிக்கிறாங்கங்கறதே பாதி பதில்.

6. ஒண்ணாவதுல சேர்க்க உங்களையும் பிள்ளையையும் உக்கார வச்சுக் கேள்வி கேட்டா, அதே சட்டத்தோட 13-வது பிரிவைச் சொல்லுங்க. வடிகட்டித் தேர்வு பண்ணினா முதல் தடவை 25,000 ரூபாய் வரைக்கும் அபராதம். 'இன்டராக்‌ஷன்'னு பேர் மாத்தி வச்சாலும் கத்திரிக்கா கத்திரிக்காதான்.

இந்த ஆறுக்கும் ஒழுங்கா பதில் சொல்ற பள்ளி உங்க வீட்டுலேர்ந்து இருவது நிமிஷத்துல இருந்தா, போர்டுல என்ன எழுதியிருந்தாலும் தாராளமா சேருங்க. அது ஐ.பி.யா இருந்தாலும் சரி, ஸ்டேட் போர்டா இருந்தாலும் சரி, பக்கத்துத் தெரு அரசுப் பள்ளியா இருந்தாலும் சரி. மிச்சம் பிடிச்ச பணத்துல வருஷத்துக்கு ஒருதரம் பிள்ளையை ரயில்ல ஏத்தி ஊர் சுத்திக் காட்டுங்க. அன்ரிசர்வ்டுல ஒரு நாள் போய்ட்டு வந்தா எக்ஸ்போஷர் தானா வரும்.

பி.கு: 'உன் புள்ளைங்க எங்க படிக்குது?'ன்னு கேக்கப் போறவங்களுக்கு முன்கூட்டியே பதில்: வீட்டுலேர்ந்து சைக்கிள்ல பதினோரு நிமிஷம். குதிரை கிடையாது. கணக்கு டீச்சர் பதினாலு வருஷமா அதே பள்ளியிலதான் இருக்காங்க.