கழுத்தில் தொங்கிய தகடு

"மொழி வெறும் கருவிதானே, கருவிக்கு ஏது பகைமை?" என்று கேட்போர் உளர். கருவிதான்! எவர் கையில் இருந்த கருவி, எவர் முதுகில் இறங்கிய கருவி என்பதையன்றோ நாம் கேட்கிறோம்? விடை காணக் கென்யா நாட்டுப் பள்ளிக்கூடம் ஒன்றுக்குள் நுழைவோம்.

1952-இல் அங்கே வெள்ளை ஆட்சி நெருக்கடி நிலையைப் பிறப்பித்தது. பறிபோன நிலத்தைக் கேட்டுக் கிகூயு மக்கள் கிளர்ந்தெழுந்த காலம் அது. காட்டில் துப்பாக்கி பேசிற்று. வகுப்பறையிலோ பிரம்பு பேசிற்று. நாட்டுப்பற்றாளர் நடத்திய பள்ளிகளைக் கைப்பற்றி, ஆங்கிலேயர் தலைமை தாங்கிய கல்விக் குழுக்களிடம் ஒப்படைத்தது அரசு. அத்தகைய பள்ளியில் பயின்ற சிறுவன்தான் பின்னாளில் உலகறிந்த எழுத்தாளரான கூகி வா தியாங்கோ. தாம் கண்டதை 1986-இல் வெளிவந்த நூலில் அவரே எழுதியிருக்கிறார்.

பள்ளி எல்லைக்குள் தாய்மொழியில் பேசிப் பிடிபட்டால் அடி, அல்லது தண்டம், அல்லது 'கழுதை' என்று பொருள்படும் சொல் பொறித்த உலோகத் தகட்டைக் கழுத்தில் சுமக்க வேண்டும். பிடிப்பவர் யார்? ஆசிரியரா? அல்லர்! காலையில் ஒரு மாணவனிடம் ஒரு பொத்தான் தரப்படும். தாய்மொழி பேசும் தோழனைக் கண்டால் அதை அவனிடம் தள்ளிவிட வேண்டும். மாலையில் அது யாரிடம் இருக்கிறதோ அவன் தனக்குத் தந்தவனைச் சொல்வான்; அவன் தனக்கு முந்தியவனைச் சொல்வான்; அன்று பேசியோர் அத்தனை பேரும் அகப்படுவர். தாயின் மொழியைப் பேசுவது குற்றம். தோழனைக் காட்டிக்கொடுப்பது பாடம்! இதைவிட மலிவான காவற்படையை எந்தப் பேரரசு கண்டது? ஆப்பிரிக்கருக்கென்றே கண்டுபிடித்த வித்தையுமன்று இது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே, அண்டைவீடான வேல்ஸ் நாட்டுப் பள்ளிகள் பலவற்றில், பிள்ளைகளின் கழுத்தில் மரத்துண்டைத் தொங்கவிட்டுக் கைமாறச் செய்து பழகிய வித்தைதான்.

அடி ஆறிவிடும். தேர்வு தந்த புண் ஆறுமா? கூகியுடன் பயின்ற ஒருவன் மற்றப் பாடங்கள் அனைத்திலும் சிறப்புத் தேர்ச்சி பெற்றான். ஆங்கிலத்தில் மட்டும் தவறினான். தேர்வே தோல்வி என்றனர்! பேருந்து நிறுவனம் ஒன்றில் எடுபிடி ஆளானான் அவன். மற்றப் பாடங்களில் வெறும் தேர்ச்சி மட்டுமே பெற்ற கூகிக்கோ, ஆங்கிலம் கைகொடுத்ததால் உயர்நிலைப்பள்ளிக் கதவு திறந்தது. அறிவையா அளந்தார்கள்? சோற்றுக்குப் போகும் வாயிலில் தங்கள் மொழியைப் பூட்டாக மாட்டினார்கள், அவ்வளவுதான்.

1963-இல் வெள்ளையர் வெளியேறினர். பூட்டு வெளியேறிற்றா? 1977-இல் புதிய ஆட்சியின் பேராசையைச் சாடி ஆங்கிலத்தில் கூகி எழுதிய புதினம் ஒன்று வெளிவந்தது. அதை வெளியிட்டுவைத்தவர் யார் தெரியுமா? நாட்டின் நிதியமைச்சர்! அதே ஆண்டில் காமிரீத்து என்னும் சிற்றூரில், உழவரும் தொழிலாளரும் தாமே நடிக்க, அவர் இன்னொருவருடன் சேர்ந்து எழுதிய கிகூயு நாடகம் அரங்கேறிற்று. நாடகத்துக்குத் தடை, ஆண்டின் கடைசி நாளில் கூகிக்குச் சிறை, விசாரணை ஏதுமின்றி ஏறத்தாழ ஓராண்டு! உள்ளேயிருந்து கழிப்பறைத் தாளில் கிகூயு மொழியிலேயே புதினம் எழுதினார் அந்த மனிதர். 1982-இல் ஊரார் கட்டிய அரங்கத்தையே இடித்துத் தரைமட்டமாக்கியது காவல்படை. ஆங்கிலத்தில் ஏசினால் வெளியீட்டு விழா, தாய்மொழியில் ஏசினால் தாழிட்ட சிறை என்றால், காரணம் என்ன? ஆங்கிலப் புதினம் உழவன் குடிசைக்குள் நுழையாது என்று ஆள்வோர்க்குத் தெரியும்!

"இந்தியை மறுக்க ஆங்கிலத்தைக் கேடயமாக ஏந்தியவர்கள் இதைப் பேசலாமா?" எனக் குறும்பாகக் கேட்பர் சிலர். பேசலாம். கேடயம் கையில் இருக்க வேண்டியது. கழுத்தில் தொங்க வேண்டியதன்று. ஆங்கிலத்தைக் கற்பிப்பவர்கள்தாம் நாம். அதில் வரும் ஊதியத்தில்தான் அரிசி வாங்குகிறோம். கற்பது வேறு, தாய்மொழியைக் குற்றமாக்கிக் கற்பிப்பது வேறு.

நாமறிந்த ஆங்கிலவழிப் பள்ளி ஒன்றில் தமிழில் பேசினால் பத்து ரூபாய் தண்டம். பேசியவர் பெயரைக் குறிக்க வகுப்புத் தலைவனிடம் ஓர் ஏடு. ஒருநாள் வாங்கிப் பார்த்தோம். பதினான்கு பெயர்கள் இருந்தன. கடைசியில் இருந்தது வகுப்புத் தலைவனின் பெயர். அந்த ஒரு பெயர் மட்டும் வேறு கையெழுத்தில்.