கடுதாசி காட்டிக் கொள்ளை!

கத்தி காட்டிக் கொள்ளையடிப்பவனைப் போலீஸ் தேடுகிறது. கடுதாசி காட்டிக் கொள்ளையடிப்பவனுக்கோ சர்க்காரே விலாசம் எழுதிக் கொடுக்கிறது! இது நடப்பது பிரிட்டனில். சட்டத்தின் ஆட்சிக்குத் தாயகம் என்று நமக்குப் பாடம் சொன்னார்களே, அதே பிரிட்டனில்தான்.

விஷயம் இதுதான். அந்நாட்டில் தொழிலாளியிடமும் கார் உண்டு. பஸ் ஓடாத நேரத்தில் இராத்திரி ஷிப்டுக்குப் போகிறவனுக்கு அது ஆடம்பரமல்ல. கடை வாசலிலோ ஆஸ்பத்திரி வளாகத்திலோ காரை நிறுத்துகிறான். அந்த இடத்தைக் காவல் காக்க ஒரு தனியார் கம்பெனி. பல இடங்களில் ஆள்கூடக் கிடையாது. கம்பத்தில் ஒரு காமிரா மட்டும். உள்ளே வந்த நேரத்தையும் வெளியே போன நேரத்தையும் அது படம் பிடிக்கிறது. கெடு தாண்டினால் வீட்டுக்கு நோட்டீசு: 100 பவுன் கட்டு, 14 நாளைக்குள் கட்டினால் 60 பவுன்!

விலாசம் எப்படிக் கிடைத்தது? சர்க்காரின் வாகனப் பதிவு இலாகா கொடுத்தது. ஒரு விலாசத்துக்கு 2 பவுன் 50 பென்ஸ். 2023–24-ஆம் ஆண்டில் மட்டும் இப்படி 1 கோடியே 20 லட்சம் தடவைக்கு மேல் கம்பெனிகள் கேட்டிருக்கின்றன. "நாங்கள் லாபம் வைக்கவில்லை, கைச்செலவுக்குத்தான் வாங்குகிறோம்" என்று சர்க்கார் சமாதானம் சொல்கிறது. கசாப்புக்காரனுக்கு ஆட்டுப்பட்டியைக் காட்டிக் கொடுத்தவன், வழிக்கூலி மட்டும்தான் வாங்கினேன் என்றால் ஆடு பிழைத்துவிடுமா?

பணம் கட்டாவிட்டால் கூத்து ஆரம்பமாகிறது. அடுத்த கடுதாசி வேறொரு பெயரில் வரும். "கடன் வசூல்" கம்பெனியாம்! 100 பவுன் இப்போது 170 ஆகிவிட்டது. பிறகு மூன்றாவது, நான்காவது என்று வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொன்றிலும் கொட்டை எழுத்தில் கோர்ட்டு, தீர்ப்பு, கெட்ட பெயர் என்ற மிரட்டல். வட்டிக்கடைக்காரன் தெருவில் நின்று கத்துவதைக் கேட்டவர்களுக்கு இந்த வித்தை புதிதல்ல. கடுதாசியைப் படிக்கும் ஏழைத் தாய், நாளைக்கே அமீனா வந்து சாமான்களை அள்ளிப் போவான் என்று நடுங்குகிறாள். வாடகைக்கு எடுத்து வைத்த பணத்தைக் கட்டிவிடுகிறாள்.

அவன் அமீனா அல்ல! அந்நாட்டுச் சட்டப்படி இந்த வசூல் கம்பெனிக்கு வீட்டுக்குள் நுழைய உரிமை கிடையாது. ஒரு நாற்காலியைத் தொடவும் உரிமை கிடையாது. எழுதலாம், டெலிபோனில் தொந்தரவு செய்யலாம், அவ்வளவுதான். கோர்ட்டில் வழக்குப் போட்டு, ஜெயித்து, அதன் பிறகும் பணம் வராவிட்டால்தான் அமீனாவின் பேச்சே எழும். அந்த 70 பவுனைப் பற்றியும் சொல்லவேண்டும். ஓட்டியவர் யாரென்று தெரியாமல் காரின் பதிவுதாரரிடம் வசூலிப்பதானால், முதல் நோட்டீசில் கண்ட தொகைக்கு மேல் கேட்க 2012-ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களுக்கு உரிமை தரவில்லை. தெரிந்தேதான் கேட்கிறார்கள். பயந்தவன் சட்டப் புத்தகத்தைப் புரட்டமாட்டான் என்பது அவர்கள் கணக்கு.

ஆனால் ஒன்று. மிரட்டல் கடுதாசி வேறு, கோர்ட்டுக் காகிதம் வேறு. வழக்குப் போடுமுன் வருகிற முறையான நோட்டீசுக்குப் பதிலெழுத 30 நாள் உண்டு. சம்மன் வந்தால், 14 நாளைக்குள் "எதிர்க்கிறேன்" என்று கோர்ட்டுக்குத் தெரிவித்தவருக்கு எதிர்வாதம் எழுத 28 நாள் கிடைக்கும். இதைக் குப்பையில் போட்டவர்கள் மீது எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு விழுகிறது. ஒரு மாதத்துக்குள் கட்டித் தீர்க்காவிட்டால் 6 வருஷம் அது பதிவேட்டில் நிற்கும். வாடகைக்கு வீடு கேட்டுப் போனாலும் குறுக்கே வந்து நிற்கும். வீடு மாறிப் போனவர் பாடு இன்னும் மோசம். சம்மன் பழைய விலாசத்துக்குப் போய்விடுகிறது; தன்மீது வழக்கு நடந்ததே அவருக்குத் தெரியாது.

"பலகையில் எழுதிப் போட்டிருக்கிறோம், படித்துத்தானே நிறுத்தினாய், இது ஒப்பந்தம்" என்கிறார்கள் கம்பெனி வக்கீல்கள். செம்ஸ்ஃபோர்டு என்ற ஊரில் நடந்ததைப் பாருங்கள். 2 மணி நேரம் இலவசம். ஒரு சிறு கடைக்காரர் 56 நிமிஷம் கூடுதலாக நிறுத்திவிட்டார். அபராதம் 85 பவுன். வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. 2015 நவம்பரில் கம்பெனிக்கே ஜெயம்! அந்த வழக்கில் வெளிவந்த சங்கதி என்ன தெரியுமா? காவல் காக்கும் கம்பெனி நிலச் சொந்தக்காரரிடம் கூலி வாங்கவில்லை. வாரம் 1,000 பவுன் கொடுத்து வந்தது! எல்லோரும் ஒழுங்காக நேரத்தில் கிளம்பிவிட்டால் இவன் திவாலாகிவிடுவான். ஜனங்கள் தவறுவதுதான் இவனுக்கு விளைச்சல். இதற்குப் பெயர் ஒப்பந்தமா?

நம் விவசாயத் தொழிலாளிக்குக் கொண்டித்தொழு தெரியும். அடுத்தவன் வயலில் மாடு மேய்ந்தால் ஓட்டிக்கொண்டு போய் அடைப்பார்கள். 1871-இல் இதே வெள்ளைக்காரன் இங்கே சட்டம் போட்டபோது, பிடித்த மாட்டைத் தொழுவில் சேர்க்க வேண்டும், அபராதத்தைச் சர்க்கார் விகிதப்படிதான் வாங்க வேண்டும் என்று எழுதினான். மிராசுதார் தன் இஷ்டத்துக்கு அபராதம் போட முடியாது. அடிமை நாட்டு மாட்டுக்குக் கிடைத்த அந்தப் பாதுகாப்பு, அவன் சொந்த நாட்டுத் தொழிலாளியின் காருக்கு இல்லை!

பார்லிமெண்ட் என்ன செய்தது? 2012-க்கு முன்பு காரின் சக்கரத்தில் பூட்டுப் போட்டுப் பணம் பறித்தார்கள். ஜனங்கள் கொதித்ததால் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அதைத் தடுத்தார்கள். அதே சட்டத்தில், ஓட்டியவர் யாரென்று நிரூபிக்க முடியாவிட்டாலும் பதிவுதாரரிடம் வசூலிக்கலாம் என்று கம்பெனிகளுக்கு வரம் கொடுத்தார்கள். 2019-இல் இந்தத் தொழிலுக்கு விதி வகுக்க ஒரு சட்டம். 2022 பிப்ரவரியில் விதிகளும் வந்தன: பெரும்பாலான அபராதம் 50 பவுனாகக் குறையும், அந்த 70 பவுன் கூடவே கூடாது. கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயின. ஜூன் மாதத்தில் சர்க்கார் தன் விதிகளைத் தானே வாபஸ் வாங்கிக்கொண்டது!

ஏன் இவ்வளவு பயம்? இந்தத் தொழிலின் ஒரு பெரிய கம்பெனி 2013-இல் 5 கோடியே 75 லட்சம் பவுனுக்குக் கைமாறியது. 2018-இல் அதையே நிதி முதலாளிகள் 23½ கோடி பவுன் கொடுத்து வாங்கினார்கள். காமிராக் கம்பத்துக்கா இந்த விலை? இனிமேல் எழுதப் போகும் கடுதாசிகளுக்கு!

கார்டிஃப் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவர்கள் மீதே வழக்குப் போட்டார்கள். வேலைக்கு வந்தவர்கள் தங்கள் ஆஸ்பத்திரி வளாகத்தில் காரை நிறுத்திய குற்றத்துக்காக, 2017-இல் சீட்டு ஒன்றுக்கு 128 பவுன் கட்டச் சொல்லித் தீர்ப்பாயிற்று. நோயாளியின் படுக்கையை விட்டு, கெடு முடிகிறதென்று கார் நிறுத்திய இடத்துக்கு ஓடவேண்டுமா என்று நாம் கேட்கிறோம்.

2025 ஜூலையில் தொழிற்கட்சி சர்க்கார் மறுபடியும் "கருத்துக் கேட்க" ஆரம்பித்தது. கருத்தென்ன கருத்து? 2022-இல் எழுதி ஒளித்து வைத்த விதிகளை வெளியே எடுக்கட்டும். 70 பவுனை ரத்துச் செய்யட்டும். விலாச வியாபாரத்தை இழுத்து மூடட்டும்.